மோட்டார் வண்டி மச்சக்காரி

மாதுளைத்தோட்டத் தெருக் குளியல்கூடத்தின் வாசலில் அன்று காலை சிவப்புத் துண்டு தொங்கியது. சிவப்புத் துண்டு தொங்கினால் பெண்கள் நேரம். அந்த நேரத்தில் ஆண்பிள்ளை எவனாவது அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்து ஏசுவதற்குக் காஷான் ஊரில் வாய்களுக்குப் பஞ்சமே இல்லை. நோன்பு மாதம் முடிந்ததிலிருந்து பூச்சு வேலைக்கும் சித்திர வேலைக்குமாக மூடிக் கிடந்த கூடம் அது. அத்தனை நாளும் இந்தத் தெருப் பெண்கள் பக்கத்துத் தெருக் கூடத்துக்குப் போய், வெந்நீரோடு அந்தத் தெருக்காரிகளின் குத்தல் பேச்சையும் சேர்த்துத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்குத்தான் திறப்பு. அதுவும் மணப்பெண் குளியலோடு திறப்பு. தெருவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவள் தூத்தி. மணப்பெண் அலங்காரம் அவள் தொழில். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்து முடியை எடுப்பாள், அவுரி இலையை அரைத்துப் புருவத்துக்குச் சாயம் போடுவாள், இல்லாத இடத்தில் மச்சம் வைப்பாள். கை வேலை செய்யும்போது வாயும் சும்மா இராது. அந்த ஊரில் அவள் கைபடாமல் புருஷன் வீட்டுக்குப் போன பெண் அநேகமாக இல்லை. இன்றைக்கு அவளுக்குப் பெருமை இரட்டிப்பு. பட்டு நெசவுக்காரர் மகள் சனோபர் அவள் கையில் அலங்காரத்துக்கு வருகிறாள். உள்ளே சுவர் முழுக்கச் சித்திரம் எழுதியவனோ அவள் புருஷன் உஸ்தா யதுல்லா. ஆண்கள் வேலை செய்த இடத்துக்குள் பெண் நுழைய முடியாதாகையால் அவளும் அதை இன்னும் பார்க்கவில்லை. மோட்டார் வண்டி ஒன்று எழுதியிருப்பதாக மட்டும் அவர் சொல்லியிருந்தார். மோட்டார் வண்டியை யதுல்லாவும் பார்த்ததில்லை. தெஹ்ரானில் பார்த்துவிட்டு வந்த கோவேறு கழுதைக்காரன் ஒருவன் சொல்லக் கேட்டதுதான்.

கதவு திறந்தது. பெண்கள் மணப்பெண்ணை நடுவில் விட்டுக்கொண்டு, பொட்டணங்களும் பித்தளைக் கிண்ணங்களுமாக உடைமாற்றும் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு நுழைந்து, நுழைந்த இடத்திலேயே நின்றார்கள்.

கூரைக் கண்ணாடிக் குமிழ்கள் வழியாக வெயில் இறங்கி எட்டுச் சுவர்களிலும் அடித்தது. ஒரு சுவரில் மயில்கள். ஒரு சுவரில் புகை கக்கும் கப்பல், அதற்குப் பக்கத்தில் கப்பலை விடப் பெரிய மீன். அடுத்ததில் சிறகு வைத்த தேவதூதர்கள், ஆளுக்கொரு தர்பூசணிக் கீற்றோடு. நடுமேடைக்கு மேலே, யார் நிமிர்ந்தாலும் முதலில் கண்ணில் படும் சுவரில், மோட்டார் வண்டி. அதற்கு நான்கு சக்கரம், இரண்டு விளக்கு, முன்பக்கம் கடிவாளம். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி ஆட்டுத்தோல் தொப்பி போட்ட மீசைக்காரன் ஒருவன்.

"வண்டியில குதிரையே இல்லியே, கடிவாளம் எதுக்கு?" என்றாள் ஒருத்தி.

"பின்னே எப்படி நிறுத்துவான்? உங்க அப்பனா வந்து பிடிப்பான்?" என்றாள் ரெய்ஹான். அவள் அந்தக் கூடத்தில் முதுகு தேய்த்துவிடுபவள். சிரித்தால் தொட்டித் தண்ணீர் தளும்பும். "அடேயப்பா! தூத்தி, உன் புருஷன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி!"

தூத்திக்குத் தலை கூரையில் இடித்தது. அந்தப் பூரிப்பில்தான் அவள் மீசைக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பார்த்ததும் பூரிப்பெல்லாம் வடிந்துபோனது.

சுவரில் இருந்தவள் சர்பத்துக் கிண்ணத்தை வாயருகே பிடித்திருந்தாள். மூக்குக்குக் கீழே கிண்ணம் மறைத்தது. மேலே வில்லாய் வளைந்த புருவங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் நூலாய் மெலிந்து, பிறகு மறுபடி தடித்தன. நீண்ட கண். இடது கண்ணோரம் சற்றுக் கீழே வாற்கோதுமை மணி போல நீளவாக்கில் ஒரு மச்சம்.

சனோபரேதான்.

தூத்திக்கு, கடைசிச் சுவர் எழுதுவதற்கு முந்தின இரவுச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. யதுல்லா ரொட்டியைக் குழம்பில் பிய்த்துப் போட்டுக்கொண்டே புலம்பினார். "எனக்கு ஒரே மூஞ்சிதான் வருது தூத்தி. தேவதூதனை எழுதினாலும் எங்கம்மா, மயிலை எழுதினாலும் எங்கம்மா. நாளைக்குக் கடைசிச் சுவத்துக்கு ஈரச் சுண்ணாம்பு பூசறான். மதியத்துக்குள்ள அந்த வண்டிக்காரிக்கு முகம் வந்தாகணும். காஞ்சுட்டா வண்ணம் உள்ளே இறங்காது." புருஷன் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், கூடவே தனக்கு வரப்போகும் வேலையின் அருமையைச் சொல்லாமல் இருக்கவும் முடியாமல், "புருவம்னா சனோபர் புருவம்தான்யா" என்று இவள் ஆரம்பித்தாள். வளைவைக் கரண்டிக் காம்பால் குழம்பில் போட்டே காட்டினாள். மச்சத்தின் நீளம் அகலத்தைச் சொன்னாள். வாய் எழுத யதுல்லாவுக்கு எப்போதுமே வராது. அதனால் வாய்க்கு முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டார் போலிருக்கிறது. மற்றதெல்லாம் சொன்னது சொன்னபடி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

"இது நம்ம சனோபர் இல்லே?" என்று கத்தினாள் ரெய்ஹான். பாவம், சந்தோஷத்தில்தான் கத்தினாள். "அல்லாவே! மச்சம் கூட அப்படியே! நம்ம கல்யாணப் பொண்ணு மோட்டார் வண்டியில போறாடி!"

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்தார்கள். முன்னால் தாயரை என்னும் வட்டப் பறையை அடித்துக்கொண்டு ஒருத்தி, சாம்பிராணி போல ஹர்மல் விதைப் புகை போட்டுக்கொண்டு ஒருத்தி, மிட்டாய்த் தட்டு, மருதாணித் தட்டு. நடுவில் மாப்பிள்ளையின் தாய் ஹாஜியா ஜவாஹிர். வெல்வெட்டு வியாபாரி வீட்டு எஜமானி. அவள் செருமினால் தெருக்கோடியில் கழுதை நிற்கும். அவளுக்குப் பின்னால் மகள் மலீஹே, மணப்பெண்ணின் வயதுதான்.

ஹாஜியா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பிறகு மேடையில் போர்வையோடு உட்கார்ந்திருந்த சனோபரைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். தாயரைக்காரியின் கை தானாக நின்றுவிட்டது.

"யாரு இந்த மீசைக்காரன்?" என்றாள் ஹாஜியா.

பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள்.

"கேக்கறேன் இல்லே? என் மருமகளைப் பக்கத்துல உக்கார வெச்சு, பட்டப்பகல்ல, முக்காடு கூட இல்லாம ஊர்வலம் கூட்டிட்டுப் போறானே, யாரு அவன்? அண்ணனா, தம்பியா?"

"சித்திரம்தானே சம்பந்தி…" என்றாள் சனோபரின் தாய் சக்கீனா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சித்திரம்தான். சாயங்காலம் துண்டை எடுத்ததும் ஆம்பளைங்க வருவாங்க. என் புருஷன் இந்த மேடையில உக்காந்து காலைத் துடைச்சிக்கிட்டே அண்ணாந்து பார்ப்பார். என் மகன் ஹபீப் பார்ப்பான். கறிக்கடைக்காரன் பார்ப்பான், கழுதைக்காரன் பார்ப்பான். ஊர்ல இருக்கிற அத்தனை ஆம்பளையும் என் வீட்டு மருமக மச்சத்தைப் பார்த்துக்கிட்டே தலை துவட்டணுமா?" அவள் தூத்தியின் பக்கம் திரும்பினாள். "எழுதினவன் உன் புருஷன். பார்க்காம எழுதினானா? பக்கத்துத் தெருக் கூடத்துக் கூரை மேல ஏறிக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்திருக்கான்!"

தூத்தி வாயைத் திறந்தாள். 'நான்தான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் யதுல்லா தப்பிப்பார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து பெண்களின் முகத்தைத் தொடுகிறவள், அந்த முகங்களைப் புருஷனோடு சாப்பாட்டில் பிசைந்து தின்கிறாள் என்று தெரிந்துவிட்டால் காஷானில் எந்தக் கதவு அவளுக்குத் திறக்கும்? சரி, தான் தொலைந்தாலும் தொலையட்டும். சனோபராவது பிழைப்பாளா? மாட்டாள். கண்ணால் பார்த்தான் என்பது போய்க் காதால் கேட்டான் என்றாகும்; ஹாஜியாவுக்கு இரண்டும் ஒன்றுதான். தூத்தி வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் செய்திராத காரியம் அது.

அதற்குள் சக்கீனா, மகளின் வாழ்க்கை கண்ணெதிரே போவதைக் கண்டு வெறி பிடித்தவளாக மேடை மேல் தாவி ஏறினாள். கையில் குதிகால் தேய்க்கும் கறுப்புக் கல். சுவரில் இருந்த மச்சத்தைத் தேய்த்தாள். உமிழ்ந்து தேய்த்தாள். கிண்ணத்துத் தண்ணீரை வீசித் தேய்த்தாள். ஈரச் சுண்ணாம்பு குடித்த வண்ணம் போகுமா? மேலே படிந்திருந்த வெள்ளைத் தூசு போய் மச்சம் முன்னைவிடப் பளபளவென்று வெளியே வந்தது.

"இறங்குங்கம்மா!" தூத்தி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "சுரண்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்!"

சனோபர் அழவில்லை. அவள் எழுந்து நின்றாள். "நான் மோட்டார் வண்டியைப் பார்த்தது கூடக் கிடையாது. எவனோடயோ ஏறிப் போனேனாம்!" என்று வெடித்தாள். பிறகு தூத்தியின் காதோரம் குனிந்தாள். "அக்கா, எனக்கு ஹபீப்தான் வேணும். பட்டுக் கடையில முக்காட்டு வலை வழியா ஒரு தடவை பார்த்தேன். கணக்குப் போட விரல் எண்ணிக்கிட்டு நின்னார். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எதையாவது பண்ணுக்கா."

"பொட்டணத்தைக் கட்டுங்கடி," என்றாள் ஹாஜியா. மாப்பிள்ளை வீட்டார் மிட்டாய்த் தட்டை மூடினார்கள்.

தூத்திக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றாள்.

"ஹாஜியம்மா, ஒரு பேச்சு. அந்தச் சுவத்துல இருக்கிறது சனோபர்தானா?"

"குருடி கூடச் சொல்லுவா."

"வேற யாருமே இல்லே?"

"ஊர்ல வேற யாருக்கு இந்தப் புருவம், இந்த மச்சம்?"

"அப்ப பந்தயம். வெந்நீர்க்கூடத்துப் பொண்ணுங்களை இந்தச் சுவத்துக்குக் கீழே வரிசையா நிறுத்தறேன். சுவத்துல இருக்கிறவ மாதிரியே எல்லார் கையிலயும் கிண்ணம். சித்திரத்துக்குச் சொந்தக்காரி யாருன்னு நீங்க விரல் நீட்டிக் காட்டுங்க. விரல் சனோபர் மேல நின்னா, கல்யாணம் இல்லேன்னு நீங்க சொல்றது நியாயம். நானும் என் நூலை இந்தத் தொட்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன். விரல் வேற எவ மேலயாவது நின்னுதுன்னா…"

"நின்னா?"

"குளியல் நடக்கணும். கல்யாணமும் நடக்கணும்."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏற்கெனவே பொட்டணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு வேடிக்கையை விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போய் அரிசி பொறுக்குவது? ஹாஜியா சுற்றிலும் பார்த்தாள். வேண்டாம் என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள்.

"போ. என்ன வேஷம் வேணும்னாலும் போடு. எனக்குக் கண்ணு இருக்கு," என்று சொல்லி மேடையில் உட்கார்ந்து ஒரு மாதுளையை எடுத்தாள். அதை அவள் பிளந்த விதத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

உள்ளே வெந்நீர்க்கூடத்தில் ஆவி முழங்கால் தெரியாமல் மண்டியிருந்தது. தூத்தி அவுரி விழுதை உள்ளங்கையில் குழைத்துக்கொண்டு கத்தினாள். "கல்யாணம் ஆகாத பொண்ணுங்கள்லாம் இங்கே வாங்கடி!"

உடனே தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். நம்மூர்த் தாலிக்கயிறு போல, கல்யாணம் ஆனவள் என்று காட்டும் கட்டு ஒன்று அந்த ஊரிலும் உண்டு. கன்னிப் பெண்ணின் முகத்தில் நூலோ சாயமோ படக்கூடாது. முதல் நூல் படுவது மணப்பெண் குளியலில்தான். மீறினால் யார் பெண் கேட்டு வருவார்கள்?

"எங்க வீட்டுப் பொண்ணு மூஞ்சியில சாயமா? அவங்க அப்பா என்னைத் தலாக் சொல்லிடுவார்!"

"நூல் போட மாட்டேன்கா! சத்தியமா நூல் இல்லே. வெறும் இலைச் சாயம், பத்துத் தடவை முகம் கழுவினா போயிடும். நாளைக்கு உங்க பொண்ணு சாயல்ல ஒரு சித்திரம் இருந்துதுன்னா அன்னிக்கு யார் வந்து நிப்பா?"

அந்தக் கேள்வி வேலை செய்தது. அல்லது வேலை செய்யும் முன்பே பெண்கள் தாய்மார்களின் கையை உதறிவிட்டு வந்துவிட்டார்களா என்று சொல்ல முடியாது. வருஷக் கணக்காக அடிவயிற்றில் வைத்திருந்த ஆசை அவர்களுக்கு. நெட்டையாள் குட்டையாள், சிவந்தவள் கறுத்தவள் என்று ஏழெட்டுப் பேர் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்து தூத்தியைச் சூழ்ந்தார்கள். "எனக்கு முதல்ல!" "என் புருவம் மெலிசு, தடிப்பா போடுக்கா!" "மச்சம் பெரிசா வை!" "கம்முனு இருங்கடி, எல்லாருக்கும் ஒரே அளவுதான்! அதுக்குத்தானே இந்தக் கூத்தே!" ரெய்ஹான் ஒவ்வொருத்தி தலையையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். தூத்தியின் விரல் பறந்தது. வில், நடுவில் நூல், மறுபடி வில். கண்ணோரம் வாற்கோதுமை.

ஆவிக்குள்ளிருந்து இன்னொரு முகம் வந்து எதிரே குந்தியது. "எனக்கும் வை."

மலீஹே. ஹாஜியாவின் மகள்.

"போடி! உங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

"முதல்ல என்னைத்தான் கொல்லுவாங்க. உன் முறை வர்றதுக்குள்ள கை வலிச்சிடும்." அவள் கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். "சனோபர் என் அண்ணிக்கா. வேற எவளையும் அந்த வீட்டுல நான் அண்ணின்னு கூப்பிட மாட்டேன். சீக்கிரம் வை."

தூத்தி வைத்தாள். கோடு இம்மியும் பிசகவில்லை.

சாயம் பிடிக்கக் காத்திருந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. பச்சை விழுது அப்பிய புருவங்களோடு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் தொடையைக் கிள்ளிக்கொண்டார்கள். பிறகு ரெய்ஹான் வாளித் தண்ணீரை முகத்தில் அடித்தாள். விழுது போனது, கறுத்த வில்கள் வெளியே வந்தன. தலைமுடி முழுக்கத் துண்டுக்குள் போனது. கழுத்து வரை ஒரே மாதிரிச் சிவப்புக் கட்டம் போட்ட துணி. கையில் பித்தளைக் கிண்ணம்.

தூத்தி ஒரு அடி பின்வாங்கிப் பார்த்தாள். சனோபர் யார் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை.

சுவருக்குக் கீழே வரிசை நின்றது. கிண்ணங்கள் வாயருகே உயர்ந்தன. கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெயிலில் அத்தனை பேரும் மோட்டார் வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்களைப் போலிருந்தார்கள். பார்த்தவர்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டார்கள். தாயரைக்காரிக்கு ஆவல் தாங்காமல் ஒரு தட்டு தட்டிவிட்டாள். ஹாஜியா திரும்பிப் பார்த்ததும் தாயரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஹாஜியா ஜவாஹிர் மாதுளைச் சாற்றை விரலிலிருந்து துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். முதல் பெண்ணின் முன் நின்று, கண்ணைக் கண்ணோடு வைத்துப் பார்த்தாள். தாண்டினாள். இரண்டாவது. மூன்றாவது பெண் சிரிப்பை அடக்கியதில் கிண்ணம் குலுங்கியது. "குலுங்காதே, கிண்ணத்துல கறி வேகலை," என்றாள் ஹாஜியா. யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

நான்காவதாக நின்றவள் சனோபர்.

ஹாஜியா நின்றாள். தாண்டவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். மூலையில் சக்கீனா கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு இமாம்களையும் பெயர் சொல்லி அழைத்தாள். தொட்டியில் சொட்டிய தண்ணீர் எல்லோருக்கும் கேட்டது. சனோபர் இமைக்கவே இல்லை. கண்ணில் நீர் நிறைந்து நின்றது, வழியவில்லை. பார்வையைத் தாழ்த்தவும் இல்லை.

ஹாஜியா தாண்டினாள். ஐந்தாவது பெண்ணையும் தாண்டினாள். ஆறாவதில் சட்டென்று நின்று விரலை நீட்டினாள்.

"இவதான்! இதோ பாருங்க எல்லாரும். இந்தக் கண்ணைப் பாருங்க, மேல சுவத்தைப் பாருங்க. அதே திமிர், அதே வெக்கங்கெட்ட பார்வை! எவனோட வேணும்னாலும் வண்டி ஏறிடற கண்ணு இதுதான். இதை நான் ஆயிரம் பேர்ல கண்டுபிடிப்பேன். இறக்குடி கிண்ணத்தை!"

கிண்ணம் இறங்கியது.

"அம்மா," என்றாள் மலீஹே. "நான்தாம்மா."

அடுத்த மூச்சில் ரெய்ஹானின் சிரிப்பு கிளம்பியது. அது போய்க் குவிமாடத்தில் மோதி எட்டுச் சுவரிலும் அடித்துத் திரும்பி வருவதற்குள் மற்ற எல்லோருடைய சிரிப்பும் அதோடு சேர்ந்துவிட்டது. கிழவிகள் மேடையில் புரண்டார்கள். ஒருத்தி சிரித்த சிரிப்பில் கால் தவறி நடுத் தொட்டிக்குள் விழுந்தாள். தாயரையோடு பித்தளைக் கிண்ணங்களும் ஒரே நேரத்தில் முழங்க ஆரம்பித்தன. சக்கீனா கண்ணைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டு, யாரோ சொல்ல, அங்கேயே உட்கார்ந்து கதறி அழுதாள்.

ஹாஜியாவின் முகம் மாதுளை நிறத்துக்கு வந்திருந்தது. மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வீட்டுக்கு வா, உன் புருவத்தை வெங்காயத் தோல் மாதிரி உரிக்கறேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "என்ன பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க? தண்ணி ஆறுது. என் மருமகளை யாரு குளிப்பாட்டறது? உங்க பாட்டன் வந்தா?"

*என் மருமகள்.* அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் சனோபரின் கண்ணீர் வழிந்தது.

அதன்பிறகு நடந்தது குளியல் இல்லை, கலவரம். பாட்டுக்கு மேல் பாட்டு. முதுகு தேய்க்கிற கையுறை சனோபர் உடம்பில் படும்போதெல்லாம் குலவை. கிச்சிலிப் பழத் தோலும் மாதுளை முத்துக்களும் தரையெல்லாம். மருதாணியை மணப்பெண் கையில் வைத்தது போக ஒருவர் மூக்கில் ஒருவர் பூசினார்கள். தூத்தி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சனோபரின் கன்னத்தில் முதல் இழுப்பு இழுத்தபோது, ஹாஜியா தன் கையாலேயே மிட்டாயை வாரி மணப்பெண்ணின் தலைமேல் இறைத்தாள். உணர்ச்சியில் தூத்தி அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் நூல் போட்டாள். அதையும் ஊர் பிறகு ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆண்கள் நேரம் நெருங்கியதும் பெண்கள் பொட்டணங்களைக் கட்டிக்கொண்டு கலைந்தார்கள். அவுரிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த தூத்தி நிமிர்ந்தபோது, போர்வையைப் போர்த்துக்கொண்டு ஹாஜியா ஒருத்தி மட்டும் மோட்டார் வண்டிச் சுவருக்கு எதிரே நின்றிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான் உன் புருஷன்," என்றாள்.

"உங்க தயவு ஹாஜியம்மா."

"மலீஹேக்கு மூணு வயசு இருக்கும். அடுப்படியில விழுந்து கண்ணோரம் கிழிச்சுக்கிட்டா. தழும்பு இன்னும் இருக்கு. நீ மச்சத்தை அது மேலயே வெச்சிருந்தே."

தூத்தியின் கையிலிருந்து கிண்ணம் நழுவி உருண்டு ஓடியது. "அப்ப… தெரிஞ்சேதானா?"

"பெத்தவளுக்கு, கிண்ணத்தை வெச்சு மறைச்சா மக கண்ணு தெரியாமப் போயிடுமாடி?"

"பின்னே ஏன் ஹாஜியம்மா…"

"கோவத்துல வார்த்தையைக் கொட்டிட்டேன். அத்தனை பேர் முன்னால கொட்டினதை எப்படி அள்ளறது? சொன்ன சொல்லை முழுங்கினா நாளைக்கு எவ என்னை மதிப்பா?" ஹாஜியா போர்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணு முன்னால நின்னேன் பாரு. கெஞ்சல. பயப்படல. என் மகனைக் கொடுன்னு நேராக் கேட்டுச்சு அந்தக் கண்ணு. நீ ஒரு வாசலைத் திறந்து வெச்சிருந்தே. நான் வெளியே வந்துட்டேன்."

தூத்தி அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கண்ணீரும் அவுரியும் சேர்ந்து ஹாஜியாவின் கை பச்சையானது.

"இன்னொண்ணு. உன் புருஷன் கூரை ஏறலைன்னு எனக்குத் தெரியும். புருவத்துக்கு நடுவுல ஓடற அந்த மெல்லிசு நூலை எந்த ஆம்பளை கவனிச்சிருக்கான்? அது அலங்காரக்காரி கண்ணு. என் புருஷனையே எடுத்துக்கோ, இத்தனை வருஷத்துல எனக்குப் புருவம்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியாது." அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். "இனிமே சோத்து நேரத்துல உன் வாய் சோத்துக்கு மட்டும்தான். புரியுதா?"

ஆண்கள் நேரம் வந்துவிட்டதென்று வெளியே கூடத்துக்காரன் சங்கு ஊதினான். தூத்தி சிவப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு, சுவரோரமாக வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை கதவு இடிபட்டது. திறந்தால் மலீஹே. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. புருவம் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலம் அப்பா கூடத்துல குளிச்சிட்டு, அந்த வண்டிச் சித்திரத்தையும் பார்த்துட்டு வந்தார். சாப்பாட்டைத் தொடலை. அம்மாவையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார். அப்புறம் கேட்டார் பாரு ஒரு கேள்வி!"

"என்னடி கேட்டார்?" தூத்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"'அந்த யதுல்லா உன்னை எப்போ பார்த்தான்?'னு கேட்டார்."

தூத்தி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலை. சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் அவங்க அப்படிச் சிரிச்சுக் கேட்டதே இல்லக்கா. அப்புறம் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கேட்டாங்க." மலீஹே தூத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "உன்னை உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அவுரி இலையும் எடுத்துக்கிட்டு வரணுமாம்."